மெழுகு போதும் என்ற அம்மா

அந்த அம்மா எங்கள் வீட்டுக்கு முதல் தடவை வந்தபோது ஸ்பீக்கர் பெட்டி வைக்கப்போகிற மூலையைப் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரரின் கையைப் பார்த்தார். நான் அடுப்படியில் வேலையாக இருந்ததால் அவர்தான் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு போய் நீட்டினார். அந்த அம்மா டம்ளரை வாங்கிக்கொள்ளாமல் கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். டம்ளர் அதில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. அந்தக் கையை நானும் அப்படித்தான் தினமும் காலையில் பார்த்துக்கொண்டிருந்தேன், யாருக்கும் சொல்லாமல்.

அறுபதுகளின் தொடக்கம் அது. நாங்கள் பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். என் வீட்டுக்காரர் ஒர்க்ஷாப்பில் ஃபிட்டர். நல்ல மனுஷர்தான். கை நீட்டி ஒரு நாள் என்னை அடித்ததில்லை. பாட்டு என்றால் உயிர். ரெக்கார்ட் பிளேயர் ஒன்றைப் பழசாக வாங்கி, கூட வேலை செய்கிறவர் ஒருவரை வைத்து ஆம்ப்ளிஃபயர் செய்து, ஸ்பீக்கரை ஒரு ஆப்பிள் பெட்டியில் ஓட்டை போட்டுப் பொருத்தியிருந்தார். சத்தம் கேட்கும், பாட்டு கேட்காது. ஒரு நாள் ஏதோ ரிப்பேருக்காக ஆபீசர் பங்களாவுக்குப் போனவர், அங்கே இருந்த, ரேடியோவும் பிளேயரும் ஒரே பெட்டியில் சேர்ந்த ரேடியோகிராமைப் பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் வேறு பேச்சே பேசவில்லை. அதன் பக்கப் பலகையில் தன் மீசை தெரிந்ததாம். தனக்கும் மீசை தெரிகிற மாதிரி ஒரு பெட்டி வேண்டுமாம்.

அவரிடம் இருந்த இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மதுவிலக்கு இருந்த காலம். ஊரில் கடை கிடையாது, ஆனால் குடி இருந்தது. சம்பளத்தன்றைக்கு அவர் வீட்டுக்கு வர வெகு நேரம் ஆகும். வந்தால் பல்வலிக்கு மருந்து வைத்துக்கொண்டேன் என்பார். அந்த மருந்து வாடை கள்ளு வாடையும் இல்லை, சாராய வாடையும் இல்லை. என்ன வாடை என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாததால் பயம் அதிகமாக இருந்தது. கல்யாணமாகி வந்த புதிது. யாரிடம் போய்ச் சொல்வது?

பெட்டி வேண்டுமென்று விசாரித்தபோது எல்லோரும் சொன்னது ஸ்ரீரங்கத்து ஜோடியைத்தான். கொள்ளிடக்கரைப் பக்கம் இருந்தார்கள். அதில் புருஷனுக்குக் கண் தெரியாது. ஆனால் அவர் செய்கிற பெட்டியில் மிருதங்கத்தின் இரண்டு பக்கமும் தனித்தனியாகக் கேட்கும் என்பார்கள். எந்த மரம், என்ன நிறம், எப்படிப் பூச்சு என்பதெல்லாம் பெண்டாட்டி பொறுப்பு. வீட்டைப் பார்க்காமல் அந்த அம்மா நிறம் சொல்ல மாட்டார். நீங்கள் திவானாகவே இருந்தாலும் சரி, வந்து பார்த்துவிட்டுத்தான் சொல்வார்.

நல்ல உயரம். ஒல்லி. கைத்தறிப் புடவையை இழுத்துச் செருகியிருப்பார். தாலிக் கயிற்றில் ஒரு சின்னச் சாவி கோத்திருக்கும். தோளில் இரண்டு துணிப்பைகள். இரண்டிலும் உள்ளங்கை அகலத்துக்கு அறுத்த சாம்பிள் பலகைகள். தேக்கு, பலா, ஈட்டி என்று ஒவ்வொன்றிலும் ஓட்டை போட்டுக் கயிற்றில் கோத்து வைத்திருப்பார். நடந்தால் கடகடவென்று சத்தம் வரும். ஒரு பையில் இருந்தவை எல்லாம் கண்ணாடி பாலிஷ் போட்டவை. அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பஞ்சில் தொட்டு மேலே மேலே தேய்த்துக் கொண்டு வருகிற பளபளப்பு. மற்றப் பையில் இருந்தவை எண்ணெயும் தேன்மெழுகும் தேய்த்தவை. பார்த்தால் சாதுவாக இருக்கும். தொட்டால்தான் அதன் அருமை தெரியும். எந்தப் பையைத் திறப்பது என்று அந்த அம்மா எப்படி முடிவு செய்கிறார் என்பது யாருக்கும் புரியாத விஷயமாக இருந்தது.

தண்ணீர் வேண்டுமென்று என் பின்னாலேயே அடுப்படிக்கு வந்தார். குடித்துவிட்டு, சொம்பைக் கீழே வைக்காமலே, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"சம்பளத்தன்னிக்கு வீட்டுக்கு எப்ப வருவாரு, தங்கச்சி?"

ஸ்பீக்கர் பெட்டிக்கும் சம்பளத்தன்றைக்கும் என்ன சம்பந்தம்?

"விளக்கு வெக்கறதுக்குள்ள வந்துடுவாருக்கா."

"ஓ," என்றார். என் முகத்தை ஒரு தடவை பார்த்தார். முன்கட்டுக்குப் போய் மெழுகுப் பையைத் திறந்தார்.

அதற்கப்புறம் அவர் செய்த வேலையைப் பார்க்க எனக்குப் பயத்திலும் ஆசையாக இருந்தது. எங்கள் சுவர் நீலம் கலந்த சுண்ணாம்பு. அதன் மேல் பலாப் பலகையை வைத்தார். மஞ்சள் அழுக்காகத் தெரிந்தது. "ஆகாது" என்று தள்ளினார். ஈட்டியை வைத்தார், மூலையே இருண்டுபோயிற்று. தேக்கில் ஒரு பலகையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்து, அப்புறம் நிழலில் சாய்த்து, என் கையில் கொடுத்து, "நீ புடி. நான் தள்ளி நின்னு பாக்கறேன்" என்றார். வரி வரியாக ஓடுகிற தேக்கு. வெல்லப்பாகு நிறம். அந்த நீலத்துக்கு முன்னால் அது அவ்வளவு பாந்தமாக இருந்தது. "வீட்டுல இருக்கறவங்க மூஞ்சிக்கு மேல பொட்டி எடுப்பாத் தெரியக் கூடாது. அடங்கி ஒக்காரணும். முகப்புத் துணி கோதுமை நிறத்துல போட்டுக்கலாம்" என்றார்.

என் வீட்டுக்காரருக்கு மூஞ்சி விழுந்துவிட்டது.

"என்னங்கம்மா இது, எண்ணெய் தேச்சு விட்ட மாதிரி இருக்கு? எனக்குப் பளபளன்னு வேணும். அந்தப் பையில இருக்கறத காட்டுங்களேன்."

"அது ஒங்க வீட்டுக்கு வராது தம்பி."

"ஏன் வராது?"

"பாலிஷ் போட்டா அடிச்சத்தம் அடைச்சுக்கும். மரம் மூச்சு விடாது. ஒங்களுக்குப் பொட்டி வேணுமா, பாட்டு வேணுமா?"

பாட்டு என்றதும் அவர் வாயை மூடிக்கொண்டார். எங்கே தட்டினால் அடங்குவார் என்று அந்த அம்மா அரை மணி நேரத்துக்குள் கண்டுபிடித்துவிட்டார். நான் கல்யாணமாகி அவ்வளவு நாளாகியும் கண்டுபிடிக்காதது அது.

அது சுத்தப் பொய் என்று எனக்குப் பின்னால் தெரிந்தது. வீட்டுக்கு வீடு ஒரு பொய் வைத்திருந்தார். கன்டோன்மென்டில் ஒரு வக்கீல் வீட்டில், ஜன்னல் மேற்கே பார்த்திருக்கிறது, பாலிஷ் போட்டால் சாயங்கால வெயில் கண்ணைக் கூசும் என்றாராம். வக்கீல் சும்மா விடுவாரா? ஜன்னலுக்குத் திரை போட்டுக்கொள்கிறேன் என்றாராம். பாலிஷில் பல்லி முட்டையிடும் என்றாராம் இந்த அம்மா. "என் வீடு, என் பெட்டி, நீ யார் சொல்வதற்கு" என்று அவர் கத்தியிருக்கிறார். அந்த அம்மா முன்பணத்தை மேஜை மேல் வைத்துவிட்டு இரண்டு பையையும் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். வக்கீலின் மனைவி பின்வாசல் வழியாக ஓடி வந்து தெருமுனையில் அந்த அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் நின்றாளாம். இதை எனக்குச் சொன்னது அந்த வீட்டில் வேலை செய்தவள். அவளுக்கும் ஒன்றும் புரியவில்லை.

அதே அம்மா ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதியில் ஒரு பெரியவர் வீட்டுக்குக் கேட்பதற்கு முன்பே கண்ணாடி பாலிஷ் பையைத் திறந்திருக்கிறார். ஓய்வுபெற்ற வாத்தியார், பெருமாள் சேவைக்குப் போவதைத் தவிர வேறு எங்கும் போகாதவர். ஊஞ்சல் பலகைக்குத் தோதாக ஈட்டியில் அப்படியொரு பெட்டி. நான் பிறகு ஒரு நாள் போய்ப் பார்த்தேன், கருஞ்சிவப்பில் விளக்குச் சுடர் நின்றது. ஆனால் அங்கேயும் ஒரு விஷயம். பாலிஷ் வேலை முடிந்தால் மிச்சத்தை ஒரு சீசாவில் ஊற்றிப் பெட்டி வாங்கினவரிடமே கொடுத்துவிட்டுப் போவது அந்தத் தொழிலில் வழக்கம். கீறல் விழுந்தால் பூசிக்கொள்ளலாம் அல்லவா? அந்தப் பெரியவரும் கேட்டிருக்கிறார்.

"மிச்சத்தை வெச்சுட்டுப் போயிடுங்கோளேன். கொழந்தைகள் வந்தா கீறிடறதுகள்."

"தீப்புடிக்கும் சாமி. வெக்கக் கூடாது."

"ஏதோ பகவத் கைங்கர்யம் மாதிரி அலமாரியில பத்திரமா வெச்சுக்கறேனே."

"கீறினா சொல்லி அனுப்புங்க சாமி, நானே வந்து பூசறேன்," என்று சொல்லிவிட்டு, மிச்சம் முழுவதையும் கொல்லையில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டார். அங்கே இருந்த செம்பருத்தி பட்டுப்போனதில் அந்த வீட்டு மாமிக்கு ரொம்ப நாள் வருத்தம்தான்.

இதையெல்லாம் கேட்கக் கேட்க எனக்கு ஒரு சந்தேகம் வளர்ந்தது. அந்த அம்மா சுவரைப் பார்த்து நிறத்தை முடிவு செய்கிறார். ஆனால் பூச்சை முடிவு செய்வது ஆளைப் பார்த்து. அப்படியென்றால் என் வீட்டில் எதைப் பார்த்தார்? பெட்டி எப்போது வரும் என்று கேட்டுவருவதாகச் சொல்லிவிட்டு ஒரு நாள் பகலில் ஜங்ஷன் வந்து ஸ்ரீரங்கம் பஸ் பிடித்தேன்.

பட்டறை என்றால் ஓட்டு வீட்டின் முன்பக்கம்தான். அவருடைய வீட்டுக்காரர் எங்கள் பெட்டியைத்தான் செய்துகொண்டிருந்தார். கண் திறந்தேதான் இருக்கும், பார்வை எங்கேயோ இருக்கும். விரலால் பலகையைத் தட்டிக் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு இழைப்பார். ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து பெட்டியை விசாரிக்க வந்ததாகச் சொன்னேன். "பொன்மலைத் தங்கச்சியா, வாங்க, வாங்க, ஒங்க தேக்கு நல்லாப் பேசுது" என்று சிரித்தார். நல்ல சிரிப்பு. அம்மா கொல்லையில் இருப்பதாகச் சொன்னார்.

அப்போது கொல்லைப்புறக் காற்று வீட்டுக்குள் வந்தது. அதில் ஒரு வாடை. என் வீட்டுக்காரரின் பல்வலி மருந்து வாடை.

அந்த மனுஷருக்கும் அது எட்டிவிட்டது. இழைப்புளி நின்றது. சிரிப்பு அடங்கிவிட்டது. முகத்தை வாடை வந்த பக்கம் திருப்பி, வாயை லேசாகத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். நான் எதிரே நிற்பதையே மறந்துவிட்டார். நான் பேய் பிசாசு என்றெல்லாம் நம்புகிறவள் இல்லை. ஆனால் அந்த முகத்தைப் பார்த்த பயம் இன்றைக்கும் எனக்குப் போகவில்லை.

கொல்லைக்கு ஓடினேன். அந்த அம்மா யாருடைய பெட்டிக்கோ பாலிஷ் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு இரும்பு டிரங்குப் பெட்டி, பூட்டு திறந்து கிடந்தது. என்னைப் பார்த்ததும் சீசாவை மூடி டிரங்குக்குள் வைத்துப் பூட்டி, தாலிக் கயிற்றுச் சாவியைப் புடவைக்குள் விட்டுக்கொண்டுதான் "வா" என்றார்.

"அக்கா, இந்த வாடைதான் எங்க வீட்டுக்காரர் கிட்ட வருது."

"தெரியும்."

"இதக் குடிப்பாங்களாக்கா?"

"குடிப்பாங்க. ஸ்பிரிட்டு இல்ல? கடைய மூடுனா இவங்க வாய மூடிடுவாங்களா?"

கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். குரலில் அழுகை எதுவும் இல்லை. அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தார். "ஊருக்கெல்லாம் காய்ச்சல்ல கண்ணு போச்சுன்னு சொல்லி வெச்சிருக்கேன். காய்ச்சலும் இல்ல, ஒண்ணும் இல்ல. நல்லா பூசுவாரு அப்ப. மிச்சப் பாலிஷ நான்தான் பத்திரமா எடுத்து வெப்பேன், வீணாப் போகக் கூடாதுன்னு. மாட்டுப் பொங்கலன்னிக்கு அதக் குடிச்சிட்டுப் படுத்தாரு. மறுநா காலையில வெயில் சுள்ளுனு அடிக்குது. எழுந்து ஒக்காந்துக்கிட்டு, 'ஏன்டி, இன்னும் விளக்கு ஏத்தலையா'ன்னு கேக்கறாரு."

கை துடைத்த துணியை மடித்து டிரங்கின் மேல் வைத்தார்.

"வெளையாடறாருன்னு நெனச்சு நான் சிரிச்சேன்," என்றார்.

"இவ்வளவு ஆனப்புறம் இது எதுக்குக்கா வீட்டுல? விட்டுடக் கூடாதா?"

"மெழுகுப் பொட்டி மட்டும் செஞ்சா சோறு எங்க? பத்துல எட்டு பேருக்குப் பளபளப்புதான வேணும்? பூட்டித்தான் வெக்கறேன். ஆனா கண்ணு போனாலும் மூக்கு இருக்கே, தங்கச்சி. வேணும்னா ஒளிச்சு வெச்சிடலாம், வாசத்த எங்க ஒளிக்கறது?"

அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பி வந்ததும் முதல் வேலையாக என் வீட்டுக்காரருக்குக் கண் எப்படித் தெரிகிறது என்று சோதிக்க ஆரம்பித்தேன். "அந்தக் காலண்டர்ல என்ன கிழமை பாருங்க" என்பேன். "ஊசியில நூல் கோத்துக் குடுங்க" என்பேன். "ஒனக்கு என்ன கண்ணு அவிஞ்சா போச்சு?" என்று கேட்டுக்கொண்டே கோத்துக் கொடுப்பார். கோத்துக் கொடுத்தால் எனக்கு அன்றைய பொழுது நிம்மதி. குடிக்கிறீர்களா என்று நேராகக் கேட்க வாய் வரவில்லை. கேட்டால் உண்டு என்று சொல்லிவிடுவாரோ என்று பயம்.

பெட்டி வந்தது. சும்மா சொல்லக் கூடாது, அந்த நீலச் சுவருக்கு முன்னால் அது வந்து உட்கார்ந்ததும் ஒற்றை அறை பெரிய வீடாகிவிட்டது. தேக்கு வரிகள் மேலிருந்து கீழாக ஓடி, மூலையில் மடங்கிப் பக்கப் பலகையிலும் தொடர்ந்தன. என் வீட்டுக்காரர் முதல் ரெக்கார்டைப் போட்டுவிட்டு வாசற்படியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். கொஞ்ச நாள் எல்லாம் சரியாக இருந்தது.

கெடுத்தது கூட வேலை பார்க்கிற ஒருத்தன்தான். பாட்டுக் கேட்க வந்தவன் பெட்டியைத் தடவிப் பார்த்து, "என்னய்யா, பொட்டிக்கு எண்ணெய் தேச்சு விட்டுட்டு சீயக்காய் போட மறந்துட்ட?" என்று சிரித்துவிட்டுப் போனான். மறுநாளே என் வீட்டுக்காரர் உப்புத்தாளும் ஒரு பெரிய சீசாவும் வாங்கி வந்துவிட்டார். லீவு நாளில் உட்கார்ந்து மெழுகையெல்லாம் தேய்த்தெடுத்துவிட்டு அவரே பாலிஷ் போட்டார். நான் தடுத்துப் பார்த்தேன். "சத்தம் அடைச்சுக்கும்னு சொன்னாங்கல்ல?" என்றேன். "அந்தம்மா சொன்னா வேதமா?" என்றார். சாயங்காலத்துக்குள் பெட்டி பளபளவென்று ஆகிவிட்டது. மீசையும் தெரிந்தது. சீசாவில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது.

இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் சீசாவைக் காணோம்.

"எங்கங்க அது?"

"தூக்கிப் போட்டுட்டேன்," என்றார், ரெக்கார்டைத் துடைத்துக்கொண்டே. என்னைப் பார்க்கவில்லை.

அவர் ஷிஃப்டுக்குப் போனதும் வீட்டைத் தலைகீழாகப் புரட்டினேன். கரி கொட்டி வைத்திருந்த இடத்தைக் கையால் கிளறினேன். பரண், அரிசிப் பானை, குளியலறைத் தொட்டியின் பின்பக்கம், எல்லாம் பார்த்தாயிற்று. கிடைக்கவில்லை. திங்கட்கிழமை சம்பளம். கரி அப்பிய கையைக் கழுவிவிட்டுத் திரும்பவும் ஸ்ரீரங்கத்துக்கு ஓடினேன்.

அந்த அம்மா முழுவதும் கேட்டார். திட்டவில்லை. "எனக்கு அந்த வாசமே மூக்குல செத்துப்போச்சு. நான் வந்தா கண்டுபிடிக்க முடியாது," என்றார். முன்பக்கம் இழைப்புளி ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கேட்டபடி, "ஞாயித்துக்கெழம ரெண்டு பேரும் வரோம்," என்றார். எதற்காகக் கூட்டி வருகிறார் என்று எனக்குப் புரிந்ததும் பயம் இன்னும் கூடிற்று. வேண்டாம் அக்கா என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்திலும் அந்தப் பயம் இருந்தது. அதைப் பார்த்துச் சும்மா இருந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார்கள். பெட்டி செய்தவர் தன் பெட்டி எப்படிப் பாடுகிறது என்று கேட்க ஆசைப்படுகிறார் என்று அந்த அம்மா சொன்னார். என் வீட்டுக்காரருக்கு அவரைக் கண்டால் மரியாதை. "வாங்கண்ணே, ஒக்காருங்கண்ணே" என்று கையைப் பிடித்து உட்கார வைத்து, நல்ல ரெக்கார்டாகப் பார்த்துப் போட்டார். பாலிஷைப் பற்றி அந்த அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. சுவரோரமாக நின்றுகொண்டார்.

பெட்டி செய்தவர் கொஞ்ச நேரம் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டார். பிறகு தலை நின்றது. எழுந்து, குரல் வருகிற பக்கம் கையை நீட்டிக்கொண்டு போய், பெட்டியைத் தொட்டார். விரல்கள் பலகையின் மேல் போய், பூச்சை உணர்ந்ததும் அப்படியே நின்றன. விரலை மோந்து பார்த்தார்.

"கீழ்ச் சுதியில ஒரு அதிர்வு இருக்கே தம்பி. உள்ள ஏதோ கெடந்து ஆடுது," என்றார்.

என் வீட்டுக்காரரின் முகத்தில் ரத்தமே இல்லை.

பெட்டியின் பின்பலகையைப் பிடித்திருக்கிற மரத் திருகுகளை அவரே செய்தவர் அல்லவா? மண்டிபோட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருப்பினார். பலகை கழன்றது. உள்ளே கையை விட்டார். பாட்டு போய்க்கொண்டே இருந்தது. கை வெளியே வந்தபோது அதில் துணி சுற்றிய சீசா இருந்தது.

அவர் அதை யாரிடமாவது நீட்டுவார் என்று நாங்கள் நின்றோம். நீட்டவில்லை. இரண்டு கையாலும் பிடித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டார். அப்படியே குனிந்து தக்கையைப் பல்லால் கடித்தார்.

அந்த அம்மா கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. பக்கத்தில் போய்க் குந்தி உட்கார்ந்து, குழந்தையிடம் பேசுகிற குரலில் பேசினார்.

"ஏங்க, நான்தான். இங்க குடுங்க."

"மோந்து மட்டும் பாக்கறேன்டி."

"வேணாங்க."

"ஒரே ஒரு தடவ. குடிக்க மாட்டேன். சத்தியமாக் குடிக்க மாட்டேன்."

ஒரு விரலை அந்த அம்மா பிரித்தால் இன்னொரு விரல் போய் இறுக்கிக்கொண்டது. பிரித்துப் பிரித்து அந்த அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. சீசாவைப் பிடித்திருந்த கையில் நரம்பெல்லாம் புடைத்துக்கொண்டு நின்றன. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, ஆனால் பிடி தளரவில்லை. கடைசியில் அந்த அம்மா தலையைத் திருப்பி என் வீட்டுக்காரரைப் பார்த்து, "வாங்க தம்பி. என்னால முடியல," என்றார்.

அவர் போனார். இரண்டு பேருமாகச் சேர்ந்துதான் அந்த விரல்களைப் பிரித்தார்கள். சீசாவை என் வீட்டுக்காரரே கொல்லைக்கு எடுத்துக்கொண்டு போய்ச் சாக்கடையில் கவிழ்த்தார். வாடை வீடு முழுவதும் பரவிற்று. உள்ளே மண்டிபோட்டிருந்தவர் முகம் கொல்லைப் பக்கமாகத் திரும்பியது. நான் பார்த்தேன், என் வீட்டுக்காரரும் திரும்பி வரும்போது கொல்லை வாசலில் நின்று பார்த்தார்.

குழாயடியில் அந்த அம்மா தன் வீட்டுக்காரரின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டார். கழுவிக் கழுவி மோந்து பார்த்தார், தனக்கு வாசம் தெரியாது என்பது மறந்துபோய். "நான் குடிச்சிருக்க மாட்டேன்" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். "தெரியுங்க" என்று அந்த அம்மாவும் சொல்லிக்கொண்டே இருந்தார். அதை அந்த அம்மா நம்பவில்லை என்பது எனக்கும் தெரிந்தது. நம்பாமல்தான் அத்தனை வருஷமாகப் பக்கத்திலேயே படுத்து எழுந்திருக்கிறார்.

பஸ் ஏற்றிவிட நாங்கள் இரண்டு பேரும் போனோம். ஸ்டாப்பில் நிற்கும்போது என் வீட்டுக்காரர்தான் வாயைத் திறந்தார்.

"அம்மா, என் கையில இருந்தா நானும் அப்படித்தான் புடிச்சிக்கிட்டிருப்பேனா?"

ஆளுக்கொரு பொய் சொல்கிற அம்மா அது. இப்போது என்ன பொய் வைத்திருக்கிறாரோ என்று நான் பார்த்தேன். நல்ல பொய்யாக ஒன்று சொல்லக் கூடாதா என்றுகூட இருந்தது. அவர் என் வீட்டுக்காரரை நிமிர்ந்து பார்த்தார்.

"புடிச்சிருப்பீங்க தம்பி," என்றார். பஸ் வந்தது. தன் வீட்டுக்காரரை முன்னால் ஏற்றிவிட்டுத் தானும் ஏறினார்.

அதற்கப்புறம் என் வீட்டுக்காரர் குடியைத் தொடவே இல்லை என்று எழுதிவிட எனக்கும் ஆசைதான். இரண்டு தடவை தவறினார். அந்த இரண்டு தடவையும் நான் செத்துப் பிழைத்தேன். வயதாகித்தான் போனார், கடைசி வரை பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு பஸ் போன பிறகும் வெகு நேரம் ரோட்டைப் பார்த்தபடி நின்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். ரயில்வே காலனியில் அந்தக் காலத்தில் புருஷன் பெண்டாட்டி கையைப் பிடித்துக்கொண்டு நடக்க மாட்டார்கள். பட்டப்பகல், ஞாயிற்றுக்கிழமை வேறு, வீட்டுக்கு வீடு வாசலில் ஆட்கள் நின்று பார்த்தார்கள். அவர் விடவில்லை. விரல் எல்லாம் நசுங்கி எனக்கு வலித்தது. விடுங்கள் என்று சொல்லப் பயமாக இருந்தது. சொல்லாமல் வீடு வரைக்கும் நடந்தேன்.